கழுத்து ஊசியில் 3 மி.மீ. தடிப்பு: மாட்டை விற்க வேண்டாம்

தேவகோட்டை அண்ணனுக்கு வணக்கம். ஆறு மாட்டில் ஒன்றுக்குக் காசநோய்ச் சோதனை ஊசி போட்டதில் தோல் 3 மி.மீ. தடித்துவிட்டது, சந்தைக்கு ஓட்டிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஓட்டாதீர்கள். வாங்குகிறவர் வீட்டிலும் பால் குடிக்கிற பிள்ளைகள் இருக்கும்.

3 மி.மீ. என்றால் நோய் உறுதி என்று பொருளில்லை. ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து அளக்கும்போது 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால்தான் பாசிட்டிவ். 2-க்கு மேல், 4-க்குக் கீழ் என்றால் சந்தேகம். 42 நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் தோல் சரியாக வீங்காது, ஏமாந்துபோவீர்கள். அந்த முறை பறவைக் காசநோய் டியூபர்குலினையும் (பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சோதனை மருந்து) பக்கத்திலேயே போட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். வேறு கிருமியால் வந்த தடிப்பா என்பது அதில் தெரியும்.

அளப்பது காலிப்பரால்தானா (தோல் தடிப்பை அளக்கும் கருவி) என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எங்கள் கொட்டிலில் முதல் தடவை விரலால் தடவிப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்றுவிட்டார்கள். அடுத்த முறை முடியை வெட்டி, தோலை மடித்துக் காலிப்பரில் அளந்தால் 5 மி.மீ. ஏறியிருந்தது. அதற்குள் பக்கத்துக் கிடாரிக்கும் இருமல்.

மற்ற ஐந்தையும் சேர்த்தே சோதியுங்கள். புதிதாகக் கன்று போட்ட மாட்டில் நோய் இருந்தும் தடிப்பு வராமல் போகலாம், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதுவரை இந்த மாட்டுக்குத் தனிக் கொட்டில், தனித் தொட்டி. பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள், கன்றுக்கும்தான்.