ஒன்பதாம் வகுப்போடு பந்தை நிறுத்திவிடலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் மாவட்ட அணியில் பாயின்ட் கார்டாக (பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துகிறவள்) ஆடுகிறாள், அடுத்த வருஷம் பொதுத்தேர்வு, அதனால் கூடைப்பந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். ஆனால் "இதில் சோறு கிடைக்குமா" என்று உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்விதான்.

லீக் சம்பளத்தை மட்டும் நம்பி ஒரு பெண் இங்கே கூடைப்பந்தில் பிழைப்பது இன்றைக்கும் கஷ்டம். நம் ஊரில் ஆட்டமே தொழில் என்றால் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான்: ரயில்வே, கேரள மின்வாரியம், காவல்துறை. மாதச் சம்பளம் வரும், பயிற்சிக்கு நேரம் கிடைக்கும், ஆட்டத்தை விட்ட பிறகும் வேலை இருக்கும். சென்னையின் அனிதா பால்துரை அப்படித் தெற்கு ரயில்வேயில் இருந்துகொண்டே இந்திய அணிக்கு 18 ஆண்டுகள் ஆடியவர். 19 வயதில் கேப்டன், 2021-ல் பத்மஸ்ரீ. குழந்தை பிறந்த பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பினார். இதை உங்கள் மாமியார் காதிலும் போட்டு வையுங்கள்.

வெளிநாட்டுக் கனவைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். ஆறடிக்கு மேல் உயரமுள்ள இந்திய வீராங்கனை கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார், 2011-ல் அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ ட்ரயல்ஸுக்கும் போனார். அவருக்கே அங்கே இடம் அமையவில்லை. ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளிடம் ஜாக்கிரதை.

சரி, ரயில்வே எப்படி எடுக்கிறது? வயது 18 முதல் 25 வரை. நூறு மதிப்பெண்ணில் விளையாட்டுச் சாதனைக்கு 50, ட்ரயல்ஸில் காட்டும் ஆட்டத்துக்கும் உடல்தகுதிக்கும் 40, படிப்புக்கு 10. சாதனை என்றால் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்ததைத்தான் பார்ப்பார்கள். பள்ளியில் வாங்கிய பதக்கத்தை இருபத்திரண்டு வயதில் நீட்டினால் யாரும் மதிக்கமாட்டார்கள். அதனால்தான் பிளஸ் டூவோடு விட்டுவிட்டு டிகிரி முடித்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு உதவாது. மாநில அணிக்காக ஜூனியர் நேஷனல், அப்புறம் பல்கலைக்கழக அணி என்று தொடர்ச்சி இருக்கவேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப்பிரிவோடு, அங்கே பெண்கள் அணி நிஜமாகவே ஆடுகிறதா என்றும் விசாரியுங்கள். பொறியியல் கவுன்சிலிங்கிலும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. தமிழக அரசு வேலைகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன். சர்டிபிகேட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே முழுசாக என்று இருந்தால் சரிபார்ப்பில் மாட்டும். பிறந்த தேதியும் பெயரும் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கட்டும். மத்திய அரசு வேலைக்கு ஒவ்வொரு மட்டத்துப் போட்டிக்கும் தனித்தனிச் சான்றிதழ்ப் படிவம் உண்டு: மாநிலத்துக்காக நேஷனல் ஆடினால் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்கு 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு 4. கையெழுத்தைப் போட்டி முடிந்த சூட்டிலேயே வாங்குங்கள். சங்கச் செயலாளர் மாறிவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

பொதுத்தேர்வு வருஷத்தில் பயிற்சியைக் காலை ஒரு வேளையாகக் குறைக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் முட்டியைப் பலப்படுத்தும் உடற்பயிற்சியைக் குறைக்காதீர்கள். முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிழிந்தால் திரும்பி ஆட ஒன்பது மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்குகிறதா என்று அவளுடைய பி.டி. டீச்சரை ஒருநாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.