வாக்கி டாக்கி செத்துவிட்டதா?

கேள்வி: ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வந்த கையோடு ஒரு பாவ்ஃபெங் யுவி-5ஆர் வாக்கி டாக்கி வாங்கினேன். சேனல்களை ஒவ்வொன்றாக அடிக்கப் பொறுமையில்லாமல், நண்பர் தன் செட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த ஃபைலை அப்படியே கேபிள் போட்டு ஏற்றிவிட்டேன். இப்போது ஆன் செய்தால் திரையில் வெளிச்சம் மட்டும்தான், எண் எதுவும் இல்லை. பிடிடி-யை (பேசுவதற்கான பட்டன்) அமுக்கினாலும் பேச முடியவில்லை. இனி இது அவ்வளவுதானா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை, அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யுவி-5ஆரை இயக்கும் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) தொழிற்சாலையிலேயே சிப்பில் எழுதப்பட்டது, நீங்கள் நினைத்தாலும் அந்தக் கேபிள் வழியாக அதை மாற்ற முடியாது. நீங்கள் மாற்றியது பக்கத்தில் இருக்கும் சின்ன ஈஈப்ராம் நினைவகத்தில் உள்ள தகவலை. சேனல்கள், மெனு அமைப்புகள், அலைவரிசை எல்லைகள், ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் வசதி) அளவுகள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஃபர்ம்வேர் பதிப்பு வேறாக இருக்கலாம், அப்போது ஒன்றின் ஃபைல் இன்னொன்றுக்குப் பொருந்தாமல் செட் இப்படித் திகைத்து நின்றுவிடும். மூளை நன்றாகத்தான் இருக்கிறது, கையில் கொடுத்த குறிப்புச் சீட்டுதான் தப்பு.

ஆகவே சரியான தகவலைத் திரும்ப எழுதினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஏற்றுவதற்கு முன் உங்கள் செட்டை ஒருமுறை சிர்ப் (CHIRP) என்ற, கணினியிலிருந்து செட்டை நிரல்படுத்தும் மென்பொருளில் படித்துச் சேமித்திருந்தால் அந்த ஃபைல் தங்கம், அதையே திருப்பி ஏற்றுங்கள். படித்துவிட்டுச் சேமிக்க மறந்திருந்தாலும், இப்போதைய சிர்ப் தானாகவே ஒரு நகல் எடுத்து வைக்கும். அதன் உதவி மெனுவில் அந்த நகல்கள் இருக்கும் இடத்தைத் திறக்க வழி இருக்கிறது, முதலில் அங்கே தேடுங்கள். எதுவுமே இல்லையென்றால், உங்கள் செட்டின் அதே ஃபர்ம்வேர் பதிப்பு உள்ள இன்னொருவரைப் பிடிக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் செட்டை 3 என்ற பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் பதிப்பு திரையில் தெரியும். உங்களுடையதில் திரையே வராததால், அதே சமயத்தில் அதே கடையில் வாங்கியவர் யாராவது இருந்தால் அவரிடமிருந்து தொடங்குவது நல்லது. அப்படி வாங்கிய ஃபைலில் ஸ்குவெல்ச் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்.

"ரேடியோ பதில் சொல்லவில்லை" என்று மென்பொருள் சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம், பத்தில் எட்டு முறை குற்றவாளி கேபிள்தான் என்பது என் எண்ணம். இரட்டை முனை பிளக் முழுதாக உள்ளே போயிருக்காது. உறையின் விளிம்பு தடுக்கும். செட்டை அணைத்துவிட்டு, 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்திச் சொருகி, பிறகு ஆன் செய்து, சத்தத்தைப் பாதிக்கு வைத்து, மறுபடி முயலுங்கள். டிவைஸ் மேனேஜரில் கேபிள் மேல் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அது கேபிளுக்குள் யுஎஸ்பி-யைக் கையாளும் பிஎல்2303 சிப்பின் போலியாக இருக்கலாம். விண்டோஸின் புதிய டிரைவர் அதை ஏற்காது, பழைய டிரைவரைப் போட வேண்டும். லினக்ஸில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. மலிவுக் கேபிளோடு மல்லுக்கட்டுவதைவிட எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ள கேபிளை வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன்.

உயிர் வந்ததும் உடனே பிடிடி-யை அமுக்காதீர்கள். இந்த செட் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் அனுப்பும், நமக்கு அனுமதி 144 முதல் 146 வரைதான். திரையில் என்ன எண் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: அதே செட்தான் என்னிடமும். மெனு 40-ல் ரீசெட் 'ஆல்' கொடுத்தேன். சேனல் எல்லாம் போச்சு, குரலும் சீன மொழிக்கு மாறிவிட்டது. ரிப்பீட்டரும் (நம் சிக்னலை வாங்கி மறு ஒலிபரப்பும் நிலையம்) எனக்குப் பதில் தருவதில்லை.
- வாசகர், சேலம்

பதில்: மெனு பட்டனை அமுக்கி 14, மறுபடி மெனு, மேல்-கீழ் அம்பால் ஆங்கிலத்துக்கு மாற்றி மெனு, கடைசியாக எக்ஸிட், குரல் சரியாகிவிடும். ரிப்பீட்டர் பேசாததற்குக் காரணம் ஆஃப்செட்டும் (அனுப்பும், கேட்கும் அலைவரிசைகளுக்கு இடையிலான வித்தியாசம்) டோனும் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி) அழிந்துபோனது. 26-ல் ஆஃப்செட்டை 600 கிலோஹெர்ட்ஸ் ஆக்கி (2 மீட்டர் பேண்டில், அதாவது 144-146 மெகாஹெர்ட்ஸில், வழக்கம் அதுதான்), 25-ல் கூட்டலா கழித்தலா என்று குறித்து, 13-ல் உங்கள் ரிப்பீட்டரின் டோனைக் கொடுங்கள். டோன் எவ்வளவு என்று உள்ளூர் ஹாம் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.