கேலரி டிக்கெட்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

போன தடவை கிரிக்கெட்டைப் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு வந்த திட்டு இன்னும் தீரல, அதுக்குள்ள இந்த தடவை தேசிய விளையாட்டு, மெடல், அரசியல்னு ஒரு கட்டு கேள்வி வந்திருக்கு. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். திட்டறவங்க வரிசையில வாங்க.

கேள்வி: ஹாக்கிதான் நம்ம தேசிய விளையாட்டுன்னு படிச்சு பரிட்சையில எழுதி ஒரு மார்க்கும் வாங்கினவன் நான். இப்ப ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணு "அப்படி ஒண்ணுமே கிடையாதுப்பா"ங்கறா. யார் சொல்றது சரி சார்? (ஒரு அப்பா, திருநெல்வேலி)

பொண்ணு சொல்றதுதான் சார் சரி, ஆனா அந்த ஒரு மார்க்கை யாரும் திருப்பி கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. 2012ல லக்னோவுல ஒரு ஸ்கூல் பொண்ணு தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டப்போதான் விளையாட்டு அமைச்சகமே, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டுன்னு நாங்க அறிவிக்கலன்னு பதில் கொடுத்துச்சு. அதுவரைக்கும் வாத்தியாரும் சரி, குவிஸ் மாஸ்டரும் சரி, எல்லாரும் நம்பிட்டு இருந்தோம்.

ஏன் நம்பினோம்னா நம்பறதுக்கு காரணம் இருந்துச்சு. 1928ல இருந்து 1956 வரைக்கும் வரிசையா ஆறு ஒலிம்பிக் தங்கம். முதல் மூணு வெள்ளைக்காரன் ஆட்சியில வாங்கினது, நாலாவது 1948ல லண்டன்லயே போய், சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட முடியாதப்போ, பிரிட்டனையே ஃபைனல்ல 4-0ன்னு அடிச்சு வாங்கினது. அந்த ஒரு மேட்ச் போதாதா சார், ஒரு விளையாட்டை மனசுல தேசிய விளையாட்டாக்க? அப்புறம் 1964, 1980. மாஸ்கோல ஜெயிச்ச டீமுக்கு கேப்டன் நம்ம சென்னைக்காரர் பாஸ்கரன், அதை நம்ம பசங்கள்ல எத்தனை பேருக்கு தெரியும்னு கேட்டுப் பாருங்க.

அதுக்கு முன்னாடியே சறுக்கல் ஆரம்பிச்சாச்சு. 1976 மான்ட்ரியல்ல புல்தரையை எடுத்துட்டு செயற்கை தரை போட்டாங்க, நாம ஏழாவது வந்தோம். தரை மாறிடுச்சுன்னு இன்னைக்கும் புலம்பறோம், ஆனா மாறின தரையை நம்ம ஊர் பசங்களுக்கு போட்டுக் கொடுக்க எத்தனை வருஷம் இழுத்தோம்னு யாரும் பேசறதில்ல. கோவில்பட்டி மாதிரி ஊர்ல மண்தரையில ஆடி ஆடியே தலைமுறை தலைமுறையா பிளேயர் வந்தாங்க, மண்ணுல பந்து குதிக்கிற குதிக்கு பழகின கை திடீர்னு டர்ஃப்ல போய் என்ன பண்ணும். 2008ல பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு தகுதிகூட பெறல, எட்டு தங்கம் வாங்கின நாடு. 2018ல ஒடிசா அரசு வந்து ஸ்பான்சர் பண்ணுச்சு, யோசிச்சுப் பாருங்க, தேசிய டீமுக்கு ஒரு மாநில அரசு ஸ்பான்சர். டோக்கியோவுல 41 வருஷம் கழிச்சு வெண்கலம், பாரிஸ்ல மறுபடியும் வெண்கலம். அதனால பட்டம் எழுத்துல இல்லன்னு வருத்தப்படாதீங்க. இத்தனை வருஷம் மனசுல பட்டம் இருந்தும் தரை போடலையே, எனக்கு வருத்தம் அதுலதான்.

கேள்வி: கிரிக்கெட்தான் மத்த விளையாட்டையெல்லாம் சாப்பிட்டுடுச்சுன்னு சொல்றாங்களே, ஒத்துக்கறீங்களா அண்ணே? (கல்லூரி மாணவர், ஈரோடு)

பாதிதான் தம்பி. விளம்பரத்தை சாப்பிட்டுடுச்சு, டிவி நேரத்தை சாப்பிட்டுடுச்சு, அதெல்லாம் உண்மை. ஆனா மத்த சங்கங்களோட கணக்கு நோட்டையும் எலெக்‌ஷனையும் கிரிக்கெட்டா வந்து சாப்பிட்டுச்சு? 2022ல அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பை ஃபிஃபா சஸ்பெண்ட் பண்ணுச்சே, அது தோனியாலயா?

செஸ்ஸைப் பாரு. தோனியும் கோலியும் உச்சத்துல இருந்த அதே காலத்துலதான் தமிழ்நாட்டுல இருந்து 30க்கு மேல கிராண்ட்மாஸ்டர் வந்திருக்காங்க. 1961ல இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மேனுவல் ஆரோன், அப்புறம் சென்னையில சோவியத் கலாச்சார மையத்துல இருந்த தால் செஸ் கிளப், அங்க ஆடி வளர்ந்த ஆனந்த் 1988ல நாட்டோட முதல் கிராண்ட்மாஸ்டர், அவரைப் பாத்து கத்துக்க வந்த பசங்க, அவங்களுக்கு சொல்லிக் கொடுத்த கோச்சுங்கன்னு ஒரு சங்கிலி. 2024 டிசம்பர்ல குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆனது திடீர்னு வானத்துல இருந்து குதிச்சது இல்ல. கிரிக்கெட்டோட யாரும் சண்டை போடல, பக்கத்துல உக்காந்து வேலையைப் பாத்தாங்க, அவ்ளோதான்.

(கிரிக்கெட்டைத் திட்டி எழுதற ஆளுங்கள்ல பாதி பேர் ஐபிஎல் ஃபைனல் அன்னைக்கு போன் எடுக்க மாட்டாங்க. நானும் எடுக்க மாட்டேன்.)

கேள்வி: விளையாட்டு வீரர்கள் ஆடினோமா மெடல் வாங்கினோமான்னு இருக்காம ரோட்டுல உக்காந்து போராட்டம் பண்றது நாட்டுக்கு அவமானம் இல்லையா? அரசியல் எதுக்கு இவங்களுக்கு? (ஓய்வு பெற்ற அரசு ஊழியர், சேலம்)

சார், உங்க வயசுக்கு மரியாதை கொடுத்து மெதுவாவே சொல்றேன்.

2023 ஜனவரியில டெல்லி ஜந்தர் மந்தர்ல மல்யுத்தம் ஆடற வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் பூனியா எல்லாம் போய் உக்காந்தாங்க. மல்யுத்த கூட்டமைப்போட தலைவரா இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங், அப்ப ஆளுங்கட்சி எம்.பி., அவர் மேல பாலியல் தொல்லை புகார். அவர் மறுக்கறார், 2024 மே மாசம் கோர்ட் அவர் மேல குற்றச்சாட்டு பதிவு பண்ணுச்சு, மைனர் பொண்ணு சம்பந்தப்பட்ட தனி வழக்கை முடிச்சு வைக்கலாம்னு போலீஸ் கொடுத்த அறிக்கையை 2025 மே மாசம் கோர்ட் ஏத்துக்கிச்சு. தீர்ப்பு சொல்றது கோர்ட் வேலை, நான் அதுக்குள்ள போகல. என் கேள்வி அதுக்கு முன்னாடி இருக்கற விஷயம் சார். ஒலிம்பிக் வரைக்கும் போய் ஆடின பொண்ணுங்க ஒரு எஃப்.ஐ.ஆர். போட வைக்கறதுக்கே சுப்ரீம் கோர்ட் வாசல் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, அப்ப ஜில்லா அளவுல ஆடற பொண்ணு கோச் மேல புகார் கொடுக்கணும்னா எங்க போவா?

2023 மே 28ம் தேதி புது பார்லிமென்ட் திறப்பு விழா, அதே நாள் அந்த பக்கம் ஊர்வலமா போகப் பாத்தவங்களை போலீஸ் ரோட்டுல இழுத்துட்டு போச்சு. கொடியைப் புடிச்சுக்கிட்டே கீழ கிடந்தாங்களே, அந்த போட்டோவைப் பாத்தப்போ எனக்கும் அவமானமாதான் இருந்துச்சு சார், நீங்க சொல்ற அவமானம் வேற, எனக்கு வந்தது வேற. அப்புறம் கூட்டமைப்பு எலெக்‌ஷனை நேரத்துக்கு நடத்தலன்னு உலக மல்யுத்த அமைப்பு சஸ்பெண்ட் பண்ணுச்சு. அந்த செப்டம்பர்ல உலக சாம்பியன்ஷிப்ல அந்திம் பங்கால் வெண்கலம் வாங்கினா, ஆனா நம்ம கொடிக்கு கீழ இல்ல, பொதுக்கொடிக்கு கீழ. கொடியை இறக்கினது ரோட்டுல உக்காந்தவங்களா, எலெக்‌ஷன் நடத்தாதவங்களா? டிசம்பர்ல புது எலெக்‌ஷன்ல பிரிஜ் பூஷணுக்கு வேண்டியவரே ஜெயிச்சதும் சாக்‌ஷி தன்னோட ஷூவைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டு ஆட்டத்தையே விட்டுட்டா. ஒலிம்பிக் மெடல் வாங்கின முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை சார் அவ.

வினேஷ் அடுத்த வருஷம் பாரிஸ்ல ஃபைனல் வரைக்கும் போனா, 100 கிராம் எடை கூடன்னு வெளிய அனுப்பிட்டாங்க. ரூல் ரூல்தான், அதுல எனக்கு சதி எதுவும் தெரியல. ஆனா அன்னைக்கு ராத்திரி "நாட்டோட மகள்"னு ஸ்டேட்டஸ் போட்டவங்கள்ல எத்தனை பேர் முந்தின வருஷம் "டிராமா"ன்னு எழுதினவங்கன்னு பாத்தா சிரிப்பும் வரல, அழுகையும் வரல. அரசியல் எதுக்குன்னு கேட்டீங்க. சங்கத்துக்கு தலைவரா எம்.பி. உக்காரும்போது நாம யாரும் இந்த கேள்வியைக் கேக்கலையே சார், ஆடறவங்க வாயைத் திறந்தா மட்டும்தானே கேக்கறோம்.

கேள்வி: பாகிஸ்தானோட ஆடலாமா கூடாதா? ஒரே வார்த்தை. (வாசகி, நாகர்கோவில்)

ஒரே வார்த்தை வராது மேடம், மன்னிச்சுக்கோங்க. ஆடவே கூடாதுன்னா அது ஒரு நியாயம், ஆடலாம்னா அதுவும் ஒரு நியாயம். 2025 ஆசிய கோப்பையில பண்ணது எந்த நியாயத்துலயும் சேராது, ரெண்டு வாரத்துக்குள்ள மூணு மேட்ச் ஆடுவோம், விளம்பர காசு வரட்டும், ஆனா கை மட்டும் குடுக்க மாட்டோம்! இதுக்கு நடுவுல நீரஜ் சோப்ரா பாவம், பஹல்காம் தாக்குதலுக்கு முன்னாடி தன் ஈட்டி எறிதல் போட்டிக்கு பாகிஸ்தானோட அர்ஷத் நதீமைக் கூப்பிட்டதுக்காக ஊரே சேர்ந்து திட்டுச்சு. பாரிஸ்ல அந்த பையன் 92.97 மீட்டர் எறிஞ்சு தங்கம் வாங்கினப்போ, அவனும் என் புள்ளைதான்னு சொன்னாங்களே நீரஜோட அம்மா, அவங்களுக்கு இருந்த தெளிவு நமக்கு வரல.

கேள்வி: எங்க மாவட்டத்து சாந்தியை மறந்துட்டீங்களா? (வாசகர், புதுக்கோட்டை)

மறக்கல. 2006 தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர், கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனுக்கு வெள்ளி. அப்புறம் பாலின சோதனைன்னு சொல்லி மெடலைப் புடுங்கிட்டாங்க. என்ன சோதனை, எதுக்குன்னு அந்த பொண்ணுக்கு உக்கார வெச்சு சொல்லக்கூட ஆள் இல்ல, டிவியில ஊருக்கே தெரிஞ்சது. செங்கல் சூளையில வேலை பாத்தாங்க, பின்னாடி தமிழ்நாடு அரசு கோச் வேலை கொடுத்துச்சு.

2014ல ஒடிசாவோட தூத்தி சந்துக்கு கிட்டத்தட்ட இதே நிலைமை. ஆனா அந்த தடவை அரசாங்கமே துணைக்கு நின்னுச்சு, சர்வதேச விளையாட்டு தீர்ப்பாயத்துக்குப் போனாங்க, பொண்ணுங்க உடம்புல டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் இவ்ளோதான் இருக்கலாம்ங்கற அந்த விதியையே 2015ல நிறுத்தி வெச்சுட்டாங்க. எட்டு வருஷ வித்தியாசம்தான். தூத்திக்கு கிடைச்ச வக்கீல் சாந்திக்கு கிடைச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் அடிக்கடி நினைப்பேன், நீங்களும் நினைச்சிருப்பீங்க, அதான் கடுதாசி போட்டிருக்கீங்க.

கேள்வி: என் பையன் ஓட்டக்காரன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வே வேலைக்கு போகணும்னு ஆசை. ஜிம்முல ஒருத்தர் ஏதோ பவுடர் குடுக்கறார், சாப்பிட்டா டைமிங் குறையுதாம். பயமா இருக்கு. (ஒரு அம்மா, தர்மபுரி)

அம்மா, இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, மிச்சத்தை அப்புறம் படிங்க. ஊக்கமருந்து விதி எப்படின்னா, உடம்புல என்ன இருந்தாலும் அதுக்கு ஆடறவன்தான் பொறுப்பு. தெரியாம சாப்பிட்டேன், அண்ணன் குடுத்தார்னு சொன்னா தண்டனை கொஞ்சம் குறையலாம், ஆனா கறை போகாது. ஸ்டீராய்டு மாதிரி சமாச்சாரம்னா நாலு வருஷம் வரைக்கும் தடை, ஓட்டக்காரனுக்கு நாலு வருஷம்னா முழு வாழ்க்கையும்தான். பவுடர் குடுத்தவர் அடுத்த பையனுக்கு டப்பா திறந்துட்டு இருப்பார்.

இது உங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2023ல இந்தியாவுல எடுத்த 5,606 மாதிரியில 213 மாட்டுச்சு, அதாவது 3.8 சதவீதம், நிறைய டெஸ்ட் எடுக்கற நாடுகள்ல நாமதான் மோசம். மெடல் பட்டியல்ல மேல போக ஆசைப்பட்டோம், இந்தப் பட்டியல்ல போயிட்டோம். கோட்டா வேலைங்கற ஒரே கதவு முன்னாடி ஆயிரம் பசங்களை நிக்க வெச்சா பத்து பேர் ஊசியைத் தேடத்தான் செய்வான்.

கேள்வி: 2030 காமன்வெல்த் அகமதாபாத்துக்கு வந்தாச்சு, 2036 ஒலிம்பிக்கும் கேக்கறோம். பெருமையா இல்லையா? (வாசகர், ஓசூர்)

இருக்கு. 2010 டெல்லியில 38 தங்கம் உட்பட 101 மெடல் வாங்கினப்போகூட பெருமைதான். அதே போட்டிக்கு சில நாள் முன்னாடி ஸ்டேடியம் பக்கத்து நடைபாலம் இடிஞ்சு விழுந்ததும் ஞாபகம் இருக்கு. இப்ப 2025ல விளையாட்டு நிர்வாகத்துக்குன்னு புதுச் சட்டம் வந்திருக்கு, தனி வாரியம், தனி தீர்ப்பாயம், சங்கத்து கமிட்டியில வீரர்களுக்கு இடம்னு நல்ல விஷயமும் இருக்கு. ஆனா தகவல் உரிமைச் சட்டம் அரசு பணம் வாங்கற சங்கத்துக்கு மட்டும்தானாம். இருக்கறதுலயே பெரிய பணக்கார சங்கம் வெளிய நிக்குது, எதுன்னு நான் சொல்லணுமா?

கேள்வி: இவ்ளோ பேசறீங்களே, கடைசியா காசு குடுத்து கிரவுண்டுல போய் பாத்த மேட்ச் எது? (பெயர் போட வேண்டாம்னு கேட்டவர், சென்னை)

வகையா மாட்டிக்கிட்டேன். 2018ல நம்ம கால்பந்து கேப்டன் சுனில் சேத்ரி, எங்களைத் திட்டறதுக்காவது கிரவுண்டுக்கு வாங்கன்னு வீடியோ போட்டப்போ வீட்டுல உக்காந்து ஷேர் பண்ண ஆளு நான்.

ஆனா 2023 ஆகஸ்ட் 12ம் தேதி போனேன். எழும்பூர் ஸ்டேடியம், ஹாக்கி ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனல், மலேசியாவோட. ஹாஃப் டைம்ல 1-3. இனிமே எங்க, கடைசி ட்ரெயினாவது புடிப்போம்னு கிளம்பி வந்துட்டேன். பின்னாடி ஒரே சத்தம், ஒரே நிமிஷத்துல ரெண்டு கோல், திரும்பிப் போலாமான்னு ஒரு செகண்ட் யோசிச்சேன், போகல. 4-3 ஆன அந்த கோலை தாம்பரம் ட்ரெயின்ல கம்பியைப் புடிச்சு நின்னுக்கிட்டு பக்கத்துல இருந்த பையனோட மொபைல்ல எட்டிப் பாத்தேன். டிக்கெட் இன்னும் பர்ஸுலதான் இருக்கு.