மாத்திரை முடிந்த பிறகு தொடங்கும் வயிற்றுப்போக்கு

இந்த வயிற்றுப்போக்கு குடல் புற்றுநோயாக இருக்குமோ என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். அதுவரை ஒழுங்காக இருந்த வயிற்றைப் புற்றுநோய் திடீரென்று நாளுக்கு ஏழு முறை தண்ணீராகப் போக வைப்பது வழக்கமல்ல. பல் வீக்கத்துக்காக ஏழு நாள் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த பத்தாம் நாள் இது தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அந்த மாத்திரையின் மேல்தான்.

நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள், கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அப்படி மாறிய அமிலங்கள் இருக்கும்வரை கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்னும் கிருமியால் எளிதில் பெருக முடிவதில்லை. பல்லுக்காகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடுவதால், அதுவரை அடங்கிக் கிடந்த கிருமி பெருகி, நச்சைச் சுரந்து, குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. முற்றிய நிலையில் உள்நோக்கி (எண்டோஸ்கோப்) வழியே பார்த்தால், சிவந்த சுவரில் மஞ்சள் திட்டுகள் ஒட்டியிருப்பது தெரியும். இந்தக் குடல் புண்ணுக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்பது 1978-இல் கண்டறியப்பட்டது.

ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் 68 வயதில், நாளுக்கு ஏழு முறை போகும்போது, கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட காய்ச்சலை என்னால் அலட்சியப்படுத்த முடியவில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய லோபரமைடை இன்றே நிறுத்துங்கள். குடலின் அசைவை அடக்கும் அந்த மாத்திரை, நச்சை உள்ளேயே தேக்கிவிடக்கூடும். போக்கு திடீரென்று நின்று, வயிறு உப்பி வலித்தால் குணமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். குடல் செயலிழந்து வீங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம் என்பதால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் நாக்கில் வெள்ளைப் படிவு, வயிற்றில் கடமுடா சத்தம் இரண்டும் கவலைக்குரியவை அல்ல. இணையத்தில் பார்த்த, குடல் பாக்டீரியாக்களை எண்ணிச் சொல்லும் விலையுயர்ந்த பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை. புரோபயாடிக் மாத்திரையும் இந்த நோயைக் குணப்படுத்தாது. தேவையானது, மலத்தில் அந்தக் கிருமியின் நச்சு இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. இருந்தால், வாய்வழி வான்கோமைசின் போன்ற மருந்துகள் உள்ளன. அதுவரை கழிப்பறை சென்று வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசருக்கு இக்கிருமியின் வித்துகள் சாவதில்லை. நாளைக் காலையே மருத்துவரைப் பாருங்கள். காலி மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.