அப்பாவுக்கும் எனக்கும் ஒரே இரத்த வகை. என் இரத்தத்தை அவருக்கு நேராக ஏற்ற ஏன் மறுக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர், தம் தந்தைக்கு நாளை மறுநாள் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை என்றும், இருவருக்கும் ஓ பாசிட்டிவ் என்றும், தம்மிடமிருந்தே எடுத்து ஏற்றச் சொன்னபோது மருத்துவமனையில் மறுத்துவிட்டு, தந்தையின் கையில் மாதிரி எடுத்து, பொருத்தம் பார்க்க நேரம் ஆகும் என்றார்கள் என்றும் எழுதியிருக்கிறார். வகை ஒன்றாக இருக்கும்போது இன்னும் என்ன பொருத்தம் என்பது அவர் கேள்வி. சென்னையில் இரத்த வங்கி ஆய்வகத்தில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். "சார், நானும் ஓ பாசிட்டிவ்தான், என்கிட்டேயே எடுத்துக்குங்க, எங்கப்பாவுக்கு வேற யார் இரத்தமும் வேண்டாம்" என்று சன்னலுக்கு வெளியே நின்று கேட்ட பிள்ளைகளின் முகங்கள் இன்னும் நினைவில் இருப்பதால், இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

ஓ பாசிட்டிவ் என்பது உங்கள் இரத்தத்தைப் பற்றிய முழு விவரம் அன்று. சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள, ஆன்டிஜென் என்று நாங்கள் சொல்லும் மூன்று பொருள்களைப் பற்றிய குறிப்பு மட்டுமே. ஏ இல்லை, பி இல்லை என்பதை ஓ என்ற எழுத்தும், டி என்ற ஆன்டிஜென் இருக்கிறது என்பதைப் பாசிட்டிவ் என்ற சொல்லும் சொல்கின்றன. ஆனால் இன்று அறியப்பட்டிருக்கும் இரத்த வகை அமைப்புகள் 40-க்கும் மேல், அவற்றில் அடங்கும் ஆன்டிஜென்கள் 300-க்கும் மேல். அவற்றில் பாதியை நீங்கள் தந்தையிடமிருந்து பெற்றிருக்கிறீர்கள், மறுபாதியைத் தாயிடமிருந்து. ஆகவே தாய்வழி வந்தவற்றில் சில, உங்கள் தந்தையின் உடலுக்கு அந்நியமாகவே இருக்கும்.

இவ்வளவு இருந்தும் ஏ, பி இரண்டுக்கும் மட்டும் ஏன் தனி இடம்? 1901-இல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர், தம்மோடு பணிபுரிந்தவர்களின் இரத்தத்தை, சீரம் எனும் தெளிந்த நீராகவும் அணுக்களாகவும் பிரித்து, ஒருவர் சீரத்தோடு மற்றவர் அணுவைக் கலந்து பார்த்தபோது, சில கலவைகள் அப்படியே இருந்தன, சில திரிந்த பால்போலக் கட்டிகட்டியாகத் திரண்டன. காரணம் இது: அணுவில் ஏ இல்லாதவரின் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், ஏ-வுக்கு எதிரான எதிர்ப்பொருளும், பி இல்லாதவரின் பிளாஸ்மாவில் பி-க்கு எதிரான எதிர்ப்பொருளும், யாருடைய இரத்தமும் ஏற்றப்படாமலேயே, பிறந்த சில மாதங்களில் உருவாகிவிடுகின்றன. அதாவது எதிரி வருமுன்பே படை தயாராக நிற்கிறது. பி வகைக்காரருக்கு ஏ அணுக்களை ஏற்றினால், பை காலியாகும்வரை உடல் காத்திருக்காது; முதல் சில மில்லி லிட்டர்களிலேயே அணுக்கள் இரத்தக் குழாய்க்குள் உடையத் தொடங்கி, உள்ளிருந்த ஹீமோகுளோபின் வெளியேறி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, சிறுநீரகம் செயலிழக்கும் நிலை வரலாம். ஓ வகை அணுவில் ஏ-வும் இல்லை, பி-யும் இல்லை என்பதால் அதை எல்லாருக்கும் பொருந்துவது என்கிறார்கள். ஆனால் அது சிவப்பணுவுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. பிளாஸ்மாவுக்கு அது தலைகீழ். ஓ வகைக்காரரின் பிளாஸ்மாவில் இரண்டு எதிர்ப்பொருளும் இருப்பதால் அது ஓ வகையினருக்கு மட்டுமே உகந்தது, ஏபி பிளாஸ்மாதான் எல்லாருக்கும் செல்லும். பிளேட்லெட் எனும் தட்டணுக்களும் பிளாஸ்மாவில் மிதந்தபடியே ஏற்றப்படுவதால், மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது அவற்றைக் கேட்டு வரும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

டி ஆன்டிஜெனின் இயல்பு வேறு. நெகட்டிவ் வகையினருக்கு எதிர்ப்பொருள் பிறவியில் இருப்பதில்லை; பாசிட்டிவ் இரத்தம் உடலில் புகுந்தால்தான் உருவாகும். நம் நாட்டில் நெகட்டிவ் வகையினர் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேரே. நெகட்டிவ் தாய் பாசிட்டிவ் குழந்தையைப் பெற்றால், பிரசவத்தின்போது குழந்தையின் அணுக்கள் தாயின் உடலில் கலந்து எதிர்ப்பொருளை விளைவித்து, அது அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி வழியாகச் சென்று குழந்தையின் அணுக்களை அழிக்கலாம். இதைத் தடுக்கத்தான் 28-ஆவது வாரத்திலும், பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி போடுகிறார்கள். உங்கள் கேள்விக்கு இது நேரடியாகத் தொடர்பில்லாதது என்றாலும், வீட்டில் நெகட்டிவ் வகைப் பெண் இருந்தால் அந்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்காகவே சொல்லிவைக்கிறேன்.

இனிப் பொருத்தம் பார்ப்பதற்கு வருகிறேன். தந்தையின் மாதிரி வந்ததும் முதலில் அவர் வகையை நாங்கள் புதிதாகவே பார்ப்போம்; பழைய அட்டையையோ ஓட்டுநர் உரிமத்தில் எழுதியிருப்பதையோ நம்பி எந்தப் பையும் வெளியே போகாது. நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி, நிறமற்ற ஆன்டி-டி ஆகியவற்றோடு அவர் அணுக்களைத் தனித்தனிக் குழாயில் சேர்த்துச் சுழலியில் சுற்றினால், குழாயின் அடியில் குன்றிமணி அளவில் சிவப்புப் பொட்டு ஒன்று படிந்திருக்கும். குழாயைச் சாய்த்து விரலால் மெல்லத் தட்டும்போது அந்தப் பொட்டு ஊதுவத்திப் புகைபோல இழை இழையாகக் கலைந்தால் எதிர்வினை இல்லை. கலையாமல் துண்டு துண்டாகப் பெயர்ந்து மிதந்தால் திரண்டுவிட்டது என்று பொருள். பிறகு எதிர்த்திசையில், அவர் சீரத்தை நமக்குத் தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு சேர்த்து அதையும் பார்ப்போம். இரண்டு விடைகளும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த எதிர்த்திசைச் சோதனையில் ஓ அணுவை எதற்குச் சேர்க்கிறார்கள் என்று மாணவனாக இருந்தபோது நானும் கேட்டிருக்கிறேன். 1952-இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்த பம்பாய் வகைதான் அதற்கு விடை. ஏ, பி இரண்டும் எச் என்ற அடிப்படைப் பொருளின் மேல்தான் அமைகின்றன. ஓ வகையினரிடம் அந்த எச் மட்டும் இருக்கும். பம்பாய் வகையினரிடம் அதுவும் இல்லை. முதல் சோதனையில் இவர்கள் ஓ என்றே தோன்றுவார்கள். ஆனால் அவர்கள் பிளாஸ்மாவில் எச்-சுக்கு எதிரான எதிர்ப்பொருள் வலுவாக இருப்பதால், எல்லாருக்கும் பொருந்துவதாகச் சொல்லப்படும் அதே ஓ இரத்தம் அவர்கள் உயிரைப் பறித்துவிடும். இன்னொரு பம்பாய் வகைக்காரரின் இரத்தம் மட்டுமே அவர்களுக்கு ஏற்கும். அரிதான வகைதான், ஆனாலும் தமிழ்நாட்டிலும் இவ்வகையினர் இருக்கிறார்கள்.

வகை உறுதியான பிறகுதான் கிராஸ் மேட்ச் எனும் பொருத்தச் சோதனை. அவருக்கென்று எடுத்து வைத்திருக்கும் குறிப்பிட்ட பையின் அணுக்களையும் அவர் சீரத்தையும் சேர்த்து, உடல் வெப்பமான 37 டிகிரியில் வைத்திருந்து, கூம்ஸ் சீரம் கொண்டு பார்க்கிறோம். சில எதிர்ப்பொருள்கள் அணுக்களில் ஒட்டிக்கொண்டாலும் கண்ணுக்குத் தெரியும்படி திரட்டுவதில்லை. அவற்றை வெளிக்கொணர்வதே கூம்ஸ் சீரத்தின் வேலை. இதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், சிக்கல் ஏதும் இல்லாவிட்டால். சிக்கல் எப்படி வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பி பாசிட்டிவ் வகை மூதாட்டி ஒருவருக்கு நான்கு பி பாசிட்டிவ் பைகளை வைத்துப் பார்த்தேன், மூன்று பொருந்தவில்லை. மகனிடம் விசாரித்ததில், அம்மா நான்கு பிள்ளைகளைப் பெற்றவர் என்பதும், கர்ப்பப்பை அகற்றியபோது இரத்தம் ஏற்றியிருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. அந்தச் சந்தர்ப்பங்களில் ஏதோ ஒன்றில் அவர் உடல், சிறிய சி என்று நாங்கள் சொல்லும் ஆன்டிஜெனுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி வைத்திருந்தது. வகை ஒன்றுதானே என்று கைக்கு எட்டிய பையை மாட்டியிருந்தால், ஏற்றிய அணுக்கள் சில நாள்களில் அழிந்து, மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்திருப்பார். தந்தைக்கு எப்போதாவது இரத்தம் ஏற்றியதுண்டா என்று உங்களைக் கேட்டால், ஆண்டு நினைவில்லாவிட்டாலும் உண்டா இல்லையா என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது நம் வழக்கு. பெற்றவருக்கு நம் இரத்தத்தையே தர வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரியாததன்று. ஆனால் நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தத்தில் அந்நியருடையதில் அநேகமாக இல்லாத ஓர் ஆபத்து உண்டு. பையில் சிவப்பணுவோடு உயிருள்ள வெள்ளை அணுக்களும் செல்கின்றன. அந்நியருடையவை என்றால் நோயாளியின் உடல் அவற்றை இனங்கண்டு அழித்துவிடும். பிள்ளையின் அணுக்கள் திசு அடையாளத்தில் தந்தையை மிகவும் ஒத்திருந்தால், அவர் உடல் அவற்றை வேற்றாள் என்று உணராமல் விட்டுவிடும். அவையோ அவரை வேற்றாளாகக் கருதித் தோலையும் கல்லீரலையும் குடலையும் எலும்பு மச்சையையும் தாக்கும். அரிதாக நேர்வதே, ஆனால் நேர்ந்துவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாக மணந்துவரும் நம் குடும்பங்களில் இத்தகைய ஒற்றுமை அமையும் வாய்ப்பு கூடுதல். வேறு வழியின்றி உறவினர் இரத்தமே தர வேண்டியிருந்தால், பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அந்த வெள்ளை அணுக்கள் பெருகாதபடி செய்த பிறகே தருவார்கள். இதற்கு மேல், யாரிடமிருந்து எடுத்தாலும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்காமல் ஏற்றக் கூடாது என்பது சட்டம். நேராக எடுத்து நேராக ஏற்றுவதில் அதற்கு இடமே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது எதிர்ப்பொருள்களை அன்று, பெயர்ச்சீட்டை. தவறான வகை ஏற்றப்பட்டு நேரும் விபத்துகளில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் அல்ல, கட்டில் அருகே, ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்வதில் தொடங்குகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. ஒரு முன்னெழுத்தும் பெயரும்தான். ஒரே வார்டில் ஒரே முன்னெழுத்தோடு இரண்டு லட்சுமிகள் இருப்பது சென்னையில் அன்றாடம் காணக்கூடியது. பல ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில், நவம்பர் மாத நள்ளிரவில், பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத பெண் ஒருவருக்காக ஊதா மூடிக் குழாய் ஒன்றை வார்டு ஊழியர் ஓடிவந்து கொடுத்தார். சோதித்தால் ஏ பாசிட்டிவ். பழைய பதிவேட்டைப் புரட்டினால், நான்கு மாதங்களுக்கு முன் அதே பெண்ணுக்கு ஓ பாசிட்டிவ். மனிதருக்கு இரத்த வகை நான்கு மாதங்களில் மாறாது. வார்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "இங்க உயிர் போகுது, நீங்க பதிவேடு பார்த்துட்டிருக்கீங்களா?" என்று செவிலியர் அழுகுரலில் கத்தினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவசரத்துக்கு ஓ அணுக்கள் இரண்டு பை அனுப்பிவிட்டு, மறுபடி மாதிரி எடுக்கச் சொன்னேன். வந்தது ஓ பாசிட்டிவ். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் எடுத்த குழாயில், மேசையில் கிடந்த இவருடைய கோப்பிலிருந்து ஒட்டுச்சீட்டைப் பிரித்து ஒட்டியிருக்கிறார்கள். பெயரும் முன்னெழுத்தும் ஒன்று, உள்நோயாளி எண் மட்டும் வேறு. அந்தப் பெண் குழந்தையோடு வீடு திரும்பினார். முதல் மாதிரியை நம்பி ஏ பையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நிதானமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றுமுதல், பழைய பதிவு எதுவும் எங்களிடம் இல்லாத நோயாளிக்கு இரண்டு வேறு நேரங்களில் எடுத்த இரண்டு மாதிரிகளைக் கேட்கிறேன். இரண்டு முறை ஏன் குத்துகிறீர்கள் என்று உறவினர் கோபித்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை.

உங்களால் செய்யக்கூடியவை இவை. 18 வயது நிறைந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் தாராளமாக இரத்தம் கொடுங்கள், தந்தைக்கென்று எழுதாமல் பொதுவாக. கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும் மே மாதத்தில் எங்கள் குளிர்பெட்டியின் தட்டுகள் காலியாகக் கிடக்கும்போது அந்த ஒரு பை யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரும்; உங்கள் தந்தைக்கு ஏற்கெனவே சோதித்துவைத்த பையிலிருந்து பொருத்தம் பார்த்துத் தருவார்கள். தந்தையிடம் மாதிரி எடுக்கும்போது அருகில் நின்று, குழாயில் பெயரையும் உள்நோயாளி எண்ணையும் கட்டிலின் பக்கத்திலேயே எழுதுகிறார்களா என்று பாருங்கள். இரத்தம் ஏற்றத் தொடங்கும்போது பையில் உள்ள எண்ணையும் அவர் மணிக்கட்டுப் பட்டையில் உள்ள எண்ணையும் செவிலியர் உரக்கப் படித்து ஒப்பிடுவார். நீங்களும் கூடவே படியுங்கள். முதல் பதினைந்து நிமிடம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். குளிர் எடுக்கிறது, முதுகு வலிக்கிறது, ஊசி போட்ட இடம் எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று அவர் எதைச் சொன்னாலும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல், உடனே செவிலியரை அழைத்து இரத்தம் ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.