தலையாட்ட மறுக்கும் தோழர்கள்

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கொடியவனாக ஆடிப் பார்க்கலாம் என்று கோப்லின் என்னும் குட்டி அரக்கர்களோடு சேர்ந்து தோப்பைத் தாக்கினேன். வெற்றியும் பெற்றேன். ஆனால் வில், கார்லாக் என்ற தோழர்கள் இருவரும் என் குழுவை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டார்கள். நல்ல ஆயுதமும் கவசமும் தேடிக் கொடுத்து அவர்களை வளர்த்தவன் நான். எந்த வழியிலும் போகலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு வழியில் போனதும் ஆட்களைப் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்? துணைப் பாத்திரங்கள் விட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்ளும் வசதி இத்தகைய விளையாட்டுகள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆயுதம் வருகிறது, கவசம் வருகிறது, வெற்றி வருகிறது. தோப்பில் இருந்தவர்களைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் எல்டுரல் நகரிலிருந்து விரட்டப்பட்ட, நரகத்தவரின் ரத்தம் கலந்த டீஃப்லிங் இன அகதிகள். கார்லாக்கும் டீஃப்லிங்தான். தான் நம்பி வேலை செய்த மனிதனாலேயே நரகத்துக்கு விற்கப்பட்டு, இதயத்தைப் பறிகொடுத்து, அந்த இடத்தில் எரியும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு, 10 ஆண்டுகள் பிறருடைய போரில் சண்டையிட்டுத் தப்பி வந்தவள். வில்லை எப்படிச் சந்தித்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தோப்பின் வாசலில் கோப்லின்கள் தாக்கியபோது மேலிருந்து குதித்து அவர்களோடு மோதியவன் அவன். சண்டை ஓய்ந்து உள்ளே போனால், ஒரு டீஃப்லிங் குழந்தைக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டு நிற்பான். அந்தக் குழந்தைகள் இருந்த இடத்தைத்தான் நீங்கள் அழித்தீர்கள். அதற்குப் பிறகும் இரவில் அவன் உங்கள் முகாமுக்கு வந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள்.

ஆட்களைப் பிடுங்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். யாரும் பிடுங்கவில்லை, அவர்களே போனார்கள். உங்கள் கையையும் யாரும் பிடித்துத் தடுக்கவில்லை. தோப்பைத் தாக்க முடிந்தது, தாக்கினீர்கள், கதையும் அந்த வழியில் தொடர்ந்து போகிறது. உங்கள் சுதந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு உறுத்துவது அவர்களுக்கும் கொஞ்சம் சுதந்திரம் இருந்ததுதான். ஒருவரை இழக்காமல் எடுக்கக்கூடிய முடிவாக இருந்திருந்தால், அதைப் பற்றி எனக்கு இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதியிருப்பீர்களா?

ஒரு விளையாட்டு இதைச் செய்வது எளிதல்ல என்பதையும் யோசியுங்கள். வில், கார்லாக் இருவருக்கும் கடைசிவரை நீளும் கதை எழுதியிருக்கிறார்கள், நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள், மணிக்கணக்கான உரையாடல் பதிவாகியிருக்கிறது. முதல் பகுதியிலேயே ஒருவர் எடுக்கும் ஒரு முடிவால் அத்தனையும் அவர் பார்வைக்கு வராமலே போகட்டும் என்று விடுவதற்குத் துணிச்சல் வேண்டும். இதை உருவாக்கிய லேரியன் நிறுவனத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்ததே இந்த இடத்தில்தான்.

2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் விளையாட்டில் ஒரு புனிதச் சாம்பல் கலசம் வருகிறது. அதைத் தேடிப் போகும் வழியில், டிராகனை வழிபடும் கூட்டத்தின் தலைவன் ஒருவன் நம்மை நிறுத்தி, அந்தச் சாம்பலில் டிராகனின் ரத்தத்தை ஊற்றிக் கெடுத்துவிட்டு வா, உனக்குச் சக்தி தருகிறேன் என்பான். ஊற்றலாம். ஊற்றினால், பக்கத்தில் நிற்கும் வின் என்ற மூதாட்டி, அதுவரை நம் காயங்களையெல்லாம் ஆற்றிவந்தவர், நமக்கு எதிராகவே மந்திரக்கோலை உயர்த்துவார். சமயப் பற்று மிக்க இன்னொரு தோழி லெலியானாவும் வில்லம்பை எடுப்பாள்.

ஆனால் லெலியானா விஷயத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அவளுடைய பழைய பகை ஒன்றைத் தீர்த்துவைத்த பிறகு நம்மிடம் மனம்விட்டுப் பேசுவாள். அந்தக் கொலையும் வேட்டையும் தனக்குப் பிடித்திருந்ததே என்று கலங்குவாள். அப்போது, நீ அப்படிப்பட்டவள்தான், அதில் தவறில்லை என்று நாம் சொல்லியிருந்தால், அவள் மனம் இறுகிவிடும். பின்னால் கலசத்தின் முன் நாம் ரத்தத்தை ஊற்றும்போது அவள் நம்மோடு சண்டைக்கு வரமாட்டாள். முதல் முறை இதைப் பார்த்தபோது தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவள் எதிர்க்காமல் நிற்பதற்குக் காரணம் எப்போதோ ஓர் இரவில் நான் சொன்ன வார்த்தை. எதிர்த்து நின்ற வின்னைவிட, எதிர்க்காமல் நின்ற லெலியானாதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தாள். அந்த ஆட்டத்தை அதற்குமேல் என்னால் தொடர முடியவில்லை.

அதே விளையாட்டில் அலிஸ்டர் என்ற தோழனும் இருக்கிறான். அவன் தந்தையாக மதித்த டங்கன் இறந்ததே தளபதி லோகெய்ன் போர்க்களத்தில் படையோடு விலகிப் போனதால்தான். பிற்பாடு லோகெய்னை மன்னித்து நம் அணியில் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. சேர்த்துக்கொண்டால் அலிஸ்டர் நம்மோடு வரமாட்டான். அவனோடு நமக்கு எவ்வளவு நெருக்கம் இருந்தாலும் சரி. இதுதான் எழுத்து. உங்களை நேசிக்கிறேன், ஆனாலும் இதைத் தாங்க முடியாது என்று ஒருவன் சொல்வதை நம்ப முடிகிறது.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பல விளையாட்டுகளில் தோழமை வெறும் கணக்காக இருக்கிறது. ஆரிஜின்ஸிலேயே நம்மைப் பற்றிய மதிப்பு −100 முதல் 100 வரை ஓர் எண். மனம் கோணியவருக்குப் பரிசுப் பொருளைக் கொடுத்தால் எண் ஏறிவிடும். ஊரையே காட்டிக்கொடுத்துவிட்டு ஒரு சிலையையோ ஓவியத்தையோ நீட்டிச் சரிக்கட்டலாம் என்றால், அது நட்புக்கே அவமானம். 2000-இல் வந்த பால்டர்ஸ் கேட் 2-இல் நம் நற்பெயர் மிகவும் உயர்ந்தால் தீய குணமுள்ள தோழர்கள் முணுமுணுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாம் என்ன செய்தோம், யாருக்குச் செய்தோம் என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை, எண் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதுதான் காரணம். இப்படிப் போகிறவர்களைப் பற்றி நீங்கள் புகார் எழுதியிருந்தால் நானும் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

எண்ணைக் காட்டாமலும் செய்யலாம் என்பதற்கு 2015-இல் வந்த விட்சர் 3 இருக்கிறது. வெசமீர் என்ற முதிய வீரர் இறந்த பிறகு, அவரால் வளர்க்கப்பட்ட சிரி மனமுடைந்து உட்கார்ந்திருப்பாள். கெரால்ட்டாக ஆடும் நாம் அவளோடு குடிக்க உட்காரலாம், அல்லது வெளியே அழைத்துப்போய்ப் பனியை உருட்டி எறிந்து விளையாடலாம். திரையில் எந்த அறிவிப்பும் வராது. பனியில் விழுந்து புரண்டு அவள் சிரிப்பதோடு காட்சி முடிந்துவிடும். அதுபோன்ற சில சின்னத் தருணங்களில் அவளை எப்படி நடத்தினோம் என்பதுதான் கடைசியில் அவள் பிழைத்து வருகிறாளா என்பதைத் தீர்மானிக்கிறது. அரக்கர்களை வெட்டிய கணக்கு அதில் சேராது.

விட்டுப் போகவே முடியாத துணை வேண்டும் என்கிறீர்களே, அப்படி ஒருவனையும் எழுதியிருக்கிறார்கள். 1999-இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டில் டக்கான் என்ற முதியவன் வருவான். சாகக்கிடந்த தன்னைக் காப்பாற்றியவனிடம், நீ சாகும்வரை உனக்குத் தொண்டு செய்வேன் என்று சத்தியம் செய்துவிட்டான். காப்பாற்றியவனுக்கோ சாவே கிடையாது. அவன்தான் நாம், பழசையெல்லாம் மறந்துபோன நாம். டக்கான் வாதாட மாட்டான், பிரிந்து போகமாட்டான், சொன்ன இடத்தில் வாளோடு நிற்பான். அவனோடு உட்கார்ந்து பேசப் பேசத்தான், முன்பு அவனைக் கட்டிப்போட்டது நம் கைதான் என்பது கொஞ்சம் கொஞ்சமாக விளங்கும். நீங்கள் கேட்கும் வசதி அந்தக் கிழவனின் முகத்தில் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை விளையாடிப் பாருங்கள்.

முன்பு சேமித்துவைத்த கட்டத்துக்குத் திரும்பிப் போய் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளாமல் இருக்கிறீர்களே, அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன். அப்படியே தொடருங்கள். உங்கள் குழுவில் இரண்டு இடம் காலியாகத்தான் இருக்கும். நிரப்ப வேண்டும் என்றால் முகாமில் விதர்ஸ் என்ற பாத்திரம் நிற்கிறான். ஆளுக்கு 100 பொற்காசு கொடுத்தால், மந்திரவாதி, போர்வீரன் என எந்த வகையில் வேண்டுமோ அந்த வகையில் ஒரு கூலி வீரனைத் தருவான். அவர்களுக்குச் சொந்தக் கதை கிடையாது, நீங்கள் எதைச் செய்தாலும் முகம் சுளிக்கமாட்டார்கள், விட்டுப் போகவும் மாட்டார்கள். நீங்கள் கேட்ட வசதி உங்கள் விளையாட்டிலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் அவர்கள் பெயர் இல்லை. கார்லாக்கின் பெயர்தான் இருக்கிறது.