நர்ஸிங்கா, ஆக்குபேஷனல் தெரபியா?

அண்ணாச்சி, பிளஸ் டூவில் பயாலஜி குரூப் படிக்கிற மகள் ஆக்குபேஷனல் தெரபிதான் (நோயாலோ குறைபாட்டாலோ தடுமாறுகிறவர்களை அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சை) படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், பேசாமல் நர்ஸிங்கில் சேர்த்தால் கல்ஃபுக்காவது போவாளே என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட நீங்கள் போகிற போக்கில் எழுதிய விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பக்கவாதம் வந்த உங்கள் அப்பா இலையில் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, இடப்பக்கம் வைத்த துவரனும் ஊறுகாயும் அப்படியே கிடக்க, ‘துவரன் வைக்கலியா’ என்று சத்தம் போட்டிருக்கிறார். பிள்ளை பேசாமல் போய் பாட்டாவின் இலையைத் திருப்பி வைத்திருக்கிறாள்.

அது கண் கோளாறும் இல்லை, வீம்பும் இல்லை. மூளையின் வலப்பாதி அடிபட்டால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே சிலருக்குக் கவனத்தில் வராது. சவரம் பாதி முகத்தோடு நின்றுவிடும், நிலைக்கதவில் இடத்தோள் இடிக்கும். (ரோட்டைத் தனியாகக் கடக்க விடாதீர்கள்.) ஒரு கோட்டைக் கொடுத்து நடுவில் புள்ளி வைக்கச் சொன்னால் வலப்பக்கம் தள்ளி வைப்பார்கள். இப்படிச் சோதித்துப் பார்த்துப் பயிற்சி கொடுப்பது ஆக்குபேஷனல் தெரபியில் ஒரு பகுதி. பேப்பரின் இட ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அது கண்ணில் படும்வரை பார்வையை நகர்த்திய பிறகே வரியை வாசிக்க வைப்பார்கள். காட்சியை வலப்பக்கம் தள்ளிக் காட்டும் பிரிஸம் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பொருளைச் சுட்டிக் காட்டச் சொல்வார்கள், இது 1998-ல் பிரான்ஸின் ரொசெட்டி குழு வெளியிட்ட முறை.

அதிசயம் நடக்கும் என்று பிள்ளை நினைத்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2019-ல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, பக்கவாத நோயாளிகளுக்குக் கவனப் பயிற்சி முடிந்த கையோடு இரண்டு காரியங்களில் ஒரே நேரம் கவனம் வைப்பது கொஞ்சம் மேம்படலாம், அது நீடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. புலனுணர்வுக் கோளாறுகளுக்கான அவர்களின் 2022 தொகுப்பில் முடிவு சொல்லவே ஆய்வு போதவில்லை. அதனால்தான் நல்ல தெரபிஸ்ட் கம்ப்யூட்டர் விளையாட்டோடு நிற்காமல், சட்டை போடவும் சாயா போடவும் சில்லறை எண்ணவும் பழக்குவார். மெதுவான வேலை. பொறுமை இல்லாதவர்கள் ஒரு வருஷத்தில் ஓடிவிடுவார்கள்.

வேலைக்கு வருவோம். நம் மாநிலத்தில் வாய்ப்பு அதிகம் இருப்பது ஆட்டிசம் குழந்தைகளுக்கான மையங்களில். பக்கவாத நோயாளிகள்தான் வேண்டும் என்றால் பெரிய மறுவாழ்வுப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி தேடிப் போகணும், நாகர்கோவிலை விட்டு நகரமாட்டேன் என்றால் கஷ்டம்தான், தொடக்கச் சம்பளமும் சுமார்தான். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் தேசிய நிறுவனத்திலும் படிப்பு இருக்கிறது. இந்த மாதிரித் துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 மத்தியச் சட்டத்துக்குப் பிறகு விதிகள் மாறி வருவதால் சேர்க்கை விவரத்தை இந்த வருஷ அறிவிப்பில் பாருங்கள், பழைய சீனியர் சொல்வதை நம்ப வேண்டாம். வெளிநாட்டு எண்ணம் இருந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு தரும் அங்கீகாரம் உள்ள கல்லூரியாகப் பாருங்கள். அமெரிக்காவுக்கு இளங்கலை மட்டும் போதாது.

விண்ணப்பத்துக்கு முன்னால், அனுமதி வாங்கி அவளை ஒரு மறுவாழ்வுப் பிரிவில் சில நாள் உட்கார வையுங்கள். அப்புறமும் இதுதான் என்றால் முதல் விருப்பமாகப் போடுங்கள், நர்ஸிங் இரண்டாவதாக இருக்கட்டும்.